இரண்டரை சென்ட் வித்தியாசம்

புள்ளிவாசல் தீவு 29.95 ஹெக்டேர். உப்புத்தண்ணித் தீவு 29.94 ஹெக்டேர். மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றிய அறிக்கைகளைப் புரட்டினால் இந்த இரண்டு எண்களும் திரும்பத் திரும்ப அப்படியே வரும். பெரியதில் தொடங்கி அடுக்கிக்கொண்டு வந்தால் புள்ளிவாசல் ஐந்தாவது, உப்புத்தண்ணி ஆறாவது. நடுவில் இருப்பது 0.01 ஹெக்டேர், அதாவது நூறு சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். தூத்துக்குடியில் ஒரு சின்ன வீடு கட்டுகிற மனை.

இரண்டும் மணல் தீவுகள். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் மணல் ஒரு பக்கம் ஒதுங்கும். கச்சான் காற்று எழும்பினால் இன்னொரு பக்கம் ஓடும். இரண்டரை சென்ட் மணலைக் கொண்டுபோகக் கடலுக்கு ஒரு பருவம்கூட வேண்டாம். அப்படியானால் ஐந்தாவது யார், ஆறாவது யார்? எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டியலிலோ மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிற ஊர் எங்கள் தூத்துக்குடி. இந்தியாவின் பெரிய தீவு எது, தமிழ்நாட்டின் பெரிய தீவு எது என்ற கேள்விகள் எல்லா வழிகாட்டி நூல்களிலும் உண்டு. விடைகளும் உண்டு: நடு அந்தமான், பாம்பன். தவறென்று சொல்ல வரவில்லை. ஆனால் தீவு என்று எதைச் சொல்கிறோம், எப்போது அளந்தோம், எந்த அளவுகோலில் அளந்தோம் என்ற மூன்றையும் விட்டுவிட்டு வரிசையை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். தூத்துக்குடிக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்றுதான் விஷயமே.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள் என்பது அரசுக் கணக்கு. நான்கு கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். நமக்கு எதிரே தூத்துக்குடிக் கூட்டத்தில் வான் தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, கரியாசல்லி என்று நாலு. அடுத்து வேம்பார்க் கூட்டத்தில் மூன்று. கீழக்கரைக் கூட்டத்திலும் மண்டபம் கூட்டத்திலும் ஏழேழு. 1986இல் இவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டரும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இவ்வளவு பெரிய காப்பகத்தில் தீவுகளின் மொத்த நிலம் 623 ஹெக்டேர்தான். ஏறத்தாழ ஆறேகால் சதுர கிலோமீட்டர். அந்தமான் தீவுக்கூட்டத்தில் நாம் பெயரே கேள்விப்படாத சில தீவுகள்கூட இதைவிடப் பெரியவை.

பட்டியலின் உச்சியில் மண்டபத்துக்கு அருகிலுள்ள முயல் தீவு, 129.04 ஹெக்டேர். முசல் தீவு என்றும் சொல்வார்கள். அடுத்தது நல்லதண்ணித் தீவு, 101. பிறகு தலையாரி 75.15, குருசடை 65.8. அடிமட்டத்தில் மனோலிப்புட்டி 2.34, விலாங்குசல்லி 0.95, பூவரசன்பட்டி 0.50. கடைசி இரண்டையும் நீங்கள் இன்று தேடிப் போனால் காண மாட்டீர்கள். தண்ணீருக்குள் போய்விட்டன.

போய்விட்டன என்றாலும் எண்ணிக்கை 21தான். இதை எழுத்துப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. தேசியப் பூங்காவின் எல்லையை வகுத்தபோது தீவின் நிலத்தோடு நிறுத்தவில்லை. கரைப் பக்கம் மூன்றரை பாகம் (கடலாழத்தை அளக்கும் அலகு) ஆழம் வரையும், கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரையும் தீவைச் சுற்றிய கடலையும் சேர்த்தே வகுத்தார்கள். ஆகவே மணல் முழுகினாலும் சட்டப்படி அந்த இடம் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. அந்த எல்லையை வகுத்தவர்கள் தீவைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே நினைக்கிறேன். மேலே தெரிகிற மணல் கொஞ்சம். அதைத் தாங்குகிற பவளப்பாறையும் கடற்புல்வெளியும் பெரிது.

தீவு என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட வரையறை ஒன்று இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 121ஆவது பிரிவு. இயற்கையாக உண்டான நிலமாக இருக்க வேண்டும், சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும், நீர் முழுதாக ஏறி நிற்கும்போதும் மேலே தெரிய வேண்டும். நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டுவதற்கு 13ஆவது பிரிவில் வேறு பெயர், வேறு உரிமை. மூன்று நிபந்தனைகளும் எளிமையானவை. தூத்துக்குடியில் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் மூன்று விதமான சிக்கல்.

முதலில் நம்ம ஊர் முயல் தீவு. மண்டபம் முயல் தீவு வேறு, இது வேறு. பழைய ஆங்கிலேய வரைபடங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் குழப்பம் இன்னும் தீரவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரையில் நாயக்கர் அதிகாரிகளோடு மோதல் முற்றியபோது, பரதவர்கள் சேசு சபைக் குருக்களோடு தூத்துக்குடிக்கு எதிரிலிருந்த தீவில் போய்க் குடியேறிச் சில ஆண்டுகள் வாழ்ந்தார்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்ததுதான் அன்றைக்கு அவர்களுக்குப் பாதுகாப்பு. இன்றைக்கு முயல் தீவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்வரலாம். புதிய துறைமுகம் வந்தபோது அது கரையோடு சேர்ந்துவிட்டது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அந்தத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய இரண்டு அலைதடுப்புச் சுவர்களும் ஒவ்வொன்றும் நாலு கிலோமீட்டரை ஒட்டியவை. பெயரில் தீவு இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் இல்லை. 21 பேர் பட்டியலில் அதற்கு இடமில்லை. பாம்பனுக்கு 1914 முதலே ரயில் பாலம் உண்டு. ஆனாலும் அது தீவுதான், ஏனென்றால் பாலத்துக்கு அடியில் கடல் ஓடுகிறது. மண்ணைக் கொட்டி மூடினால் தீவு போய்விடும். பாலம் கட்டினால் போகாது. இந்த வேறுபாட்டை நான் நியாயமாகவே பார்க்கிறேன்.

இரண்டாவது, நீர் ஏறினாலும் தெரிய வேண்டும் என்கிற நிபந்தனை. மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நம் தீவுகள் தட்டையானவை. ஓரம் மெல்லச் சரிந்து இறங்குகிற மணலில் நீர் ஒரு முழம் ஏறினாலும் கிடைமட்டத்தில் நெடுந்தூரம் உள்ளே வந்துவிடும். ஒரே தீவைக் காலையில் அளந்தால் ஒரு பரப்பு, மாலையில் அளந்தால் இன்னொரு பரப்பு. வானிலிருந்து எடுத்த படத்தை வைத்து அளக்கிறவர்கள் அந்தப் படம் எந்த ஓதத்தில் எடுத்தது என்று குறிப்பிடாவிட்டால், இரண்டு ஆண்டுப் படங்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லாமல் போகும்.

மூன்றாவது, இயற்கையாக உண்டானதா என்பது. இதற்கு வான் தீவுக் கதையைச் சொல்ல வேண்டும்.

1986இல் வான் தீவு 16 ஹெக்டேர். அந்தப் பட்டியலில் 12ஆவது இடம். லட்சத்தீவில் பித்ரா என்ற தீவு இருக்கிறது. சுமார் பத்து ஹெக்டேர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 271 பேர் வாழ்ந்தார்கள். அதைவிடப் பெரியதாக இருந்தது நம்ம வான் தீவு. 2015 வாக்கில் அது இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் எட்டில் ஏழு பங்கு போய்விட்டது. நம்ம ஊர்த் திரேஸ்புரத்திலிருந்து கடல் தொழிலுக்குப் போகிற வயதானவர்கள் இதை எந்தப் படமும் பார்க்காமலே சொல்வார்கள்.

அப்படி ஒரு சங்குகுளி அண்ணாச்சியிடம் நான் இந்தப் பரப்பளவுப் பட்டியலைக் காட்டியதுண்டு. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இத அளந்து என்ன செய்யப் போறிய? கச்சான் அடிச்சா எதுக்குப் பின்னால ஒதுங்கலாம், அதுதான எங்களுக்குக் கணக்கு. வான் தீவு சின்னதுதான். ஆனா அது முன்னால நின்னா இங்கன கரையில அலை அடங்கித்தான் வரும்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் பிறகு ஆய்வறிக்கைகளிலும் படித்தேன். தீவும் அதைச் சுற்றிய பவளத்திட்டும் சேர்ந்து கடலலையின் வேகத்தை உடைக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரை நாகப்பட்டினத்தைப் போல நொறுங்காததற்கு இலங்கை குறுக்கே நின்றது முதற்காரணம். ஆனால் ஆண்டு முழுவதும் வருகிற காற்றலைக்கு முன்னால் நிற்பது இந்தத் தீவுகள்தாம். பரப்பளவு வரிசையில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

வான் தீவு ஏன் கரைந்தது? கல்லெடுத்ததால். இந்தத் தீவுகள் பாறை மலைகள் அல்ல. பவளத்திட்டின் மேல் உடைந்த பவளச் சல்லியும் சிப்பித் தூளும் மணலும் ஒதுங்கி உயர்ந்தவை. கீழே பவளம் உயிரோடு இருந்தால் அலை அடங்கும், சல்லியும் வந்து சேர்ந்துகொண்டிருக்கும். பவளத்தைப் பெயர்த்துவிட்டால் மணலுக்குப் பிடிமானம் கிடையாது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், கார்பைடு தொழிலுக்கும், வீடு கட்டவும் பல பத்தாண்டுகள் இங்கே கடலிலிருந்து பவளக்கல் எடுத்தார்கள். ஆண்டுக்கு 60,000 கன மீட்டர் வரை மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக எடுக்கப்பட்டிருக்கலாம் என்று 1970களின் தொடக்கத்தில் கடல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் முழுகியதற்கு இதைத்தான் முதற்காரணமாகச் சொல்கிறார்கள். முங்கிக் கல் பெயர்த்தவன் கூலிக்காரன். அவன் கையில் ஒன்றும் தங்கவில்லை. வாங்கியவர்கள் கரையில் இருந்தார்கள். இந்த ஊரின் பழைய சுவர்கள் பலவற்றில் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. சுனாமிக்குப் பிறகு கல்லெடுப்பு ஏறத்தாழ நின்றது. நின்றாலும், பெயர்ந்த பவளம் மறுபடி வளர மனித ஆயுள் போதாது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது வேறு.

2015 டிசம்பரில் வான் தீவுக்கு முன்னால் சிமென்ட் கட்டுமானங்களை இறக்கத் தொடங்கினார்கள். சரிவான பக்கங்களும் துளைகளும் உள்ள, ஆளுயரத்துக்கும் மேலான பெரிய கூடுகள். சென்னை ஐ.ஐ.டி., நம்ம ஊர் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம், மாநில அரசு மூன்றும் சேர்ந்து செய்த வேலை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகள். அலை அவற்றில் மோதி வலுவிழந்து வருகிறது, மணல் பின்னால் தங்குகிறது. துளைகளில் மீன் குடியேறியது, மேலே பவளக் குஞ்சுகள் ஒட்டத் தொடங்கின. தீவு கரைவது நின்று, கொஞ்சம் பரப்பும் திரும்பியது. இனி வான் தீவு இயற்கையாக உண்டான நிலமா, இல்லையா? என் கருத்தில் ஐயமே இல்லை, இயற்கைத் தீவுதான். மனிதன் மண்ணைக் கொட்டவில்லை. மனிதன் பெயர்த்தெடுத்த தடுப்பின் இடத்தில் வேறொரு தடுப்பை வைத்தான், மணலைச் சேர்த்தது கடல்.

அடுத்தது கரியாசல்லி. வான் தீவுக்கு ஒரு படி மேலே, 16.46 ஹெக்டேர் என்று பட்டியலில் 11ஆவதாக இருப்பது. 1969ஆம் ஆண்டுப் படங்களில் அது 20 ஹெக்டேருக்கும் மேல். 2018இல் ஆறுக்குக் கீழே வந்துவிட்டது. 2024இல் மூன்றை ஒட்டி. இதற்கும் கூடுகள் இறக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. இப்போது சொல்லுங்கள், 11ஆவது இடத்தில் கரியாசல்லி என்று தேர்வில் எழுதினால் எந்த ஆண்டின் விடை அது?

இது நம் கடலுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் 6,852 தீவுகள் என்று 1987 முதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023இல் நுணுக்கமான மின்வரைபடத்தை வைத்து மறுபடி எண்ணியதில் 14,125 ஆகிவிட்டது. புதிதாக எரிமலை வெடித்து ஏழாயிரம் தீவுகள் முளைத்துவிடவில்லை. சுற்றளவு நூறு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற விதிகூட மாறவில்லை. வரைபடம்தான் கூர்மையானது. இந்தியத் தீவுகள் 1,382 என்று அரசு அண்மை ஆண்டுகளில் சொல்லியிருக்கிறது. முன்பு வேறு எண்கள் புழக்கத்தில் இருந்தன. கடற்கரை நீளத்துக்கும் இதே கதைதான். 7,516 கிலோமீட்டர் என்று நாமெல்லாம் படித்தது, நுணுக்கமான அளவுகோலில் மறுபடி அளந்தபோது 11,098 ஆனது. இதில் ஒரு செய்தி பலர் கண்ணில் படவில்லை. பழைய கணக்கில் ஆந்திரம் 973.7, தமிழ்நாடு 906.9. புதிய கணக்கில் தமிழ்நாடு 1,068, ஆந்திரம் 1,053. ஒரு கைப்பிடி மண் இடம் மாறாமலே இரண்டு மாநிலங்கள் வரிசையில் இடம் மாறிக்கொண்டன.

பெரிய தீவுகளும் நிலையாக நிற்பதில்லை. பிரம்மபுத்திராவின் மஜுலி, நூறு ஆண்டுகளுக்கு முன்பு 1,200 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்கிறார்கள், 2014இல் 352. அப்படியிருந்தும் உலகின் மிகப்பெரிய ஆற்றுத் தீவு என்று 2016இல் கின்னஸில் ஏறியது. பெரிய நிக்கோபாரின் தெற்கு முனை 2004 நிலநடுக்கத்தில் நாலு மீட்டருக்கும் மேல் இறங்கி, இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் நிற்கிறது. 1970 புயலுக்குப் பிறகு வங்கக் கடலில் எழும்பி, இந்தியாவும் வங்கதேசமும் உரிமை கொண்டாடிய நியூ மூர் தீவை 2010 வாக்கில் கடலே எடுத்துக்கொண்டது. தேர்வு விடையான நடு அந்தமானையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதையும் வட அந்தமானையும் பிரிப்பது ஒரு குறுகிய நீரிணைதான். அந்த நீரிணையைக் கணக்கில் எடுத்தால்தான் நடு அந்தமானுக்கு முதலிடம்.

கச்சத்தீவை இந்த வரிசையில் வைத்துப் பார்த்ததுண்டா? 285 ஏக்கர் என்பது சுமார் 115 ஹெக்டேர். மன்னார் வளைகுடாப் பட்டியலோடு சேர்த்தால் முயல் தீவுக்கும் நல்லதண்ணிக்கும் நடுவில் இரண்டாவதாக நிற்கும். 1974 ஒப்பந்தத்திலிருந்து இன்றுவரை அதற்காக எழுந்த குரல்கள் எத்தனை! கண்ணுக்கு எதிரே வான் தீவு எட்டில் ஏழு பங்கு போனபோது நம் ஊரில்கூட யாரும் கூட்டம் போடவில்லை. கச்சத்தீவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வான் தீவையும் அதே அக்கறையோடு பேச வேண்டும் என்கிறேன். சின்ன நிலம்தானே என்று தள்ளிவிட முடியாது. லட்சத்தீவைப் பாருங்கள்: மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர், ஆனால் அந்தத் துண்டு நிலங்கள் இந்தியாவுக்குப் பெற்றுத் தருகிற தனிப் பொருளாதாரக் கடல் சுமார் நாலு லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே சரக்கு ஏற்றிப்போகும் நம்ம ஊர்த் தோணிக்காரர்களுக்கு நிலத்தின் அளவு என்றைக்கும் பொருட்டாக இருந்ததில்லை.

முத்துக் குளித்தவர்கள் கடலை வேறு விதமாக வரிசைப்படுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியது தீவல்ல, பார். கடலடியில் முத்துச்சிப்பி ஒட்டி வளர்கிற பாறைத் தளம். தோலாயிரம் பார், நாகரைப் பார், ஊத்திப் பார், பாசிப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மேலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். கரையில் தெரிகிற கோபுரத்தையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் பிடிப்பார்கள். எந்தப் பார் பெரியது என்று யாரும் கேட்டதில்லை. எந்தப் பாரில் இந்த ஆண்டு சிப்பி முற்றியிருக்கிறது, எத்தனை பாகம் ஆழம் என்பவைதான் கேள்விகள். அரசின் முத்து, சங்குத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை அக்கறையோடு குறித்து வைத்தார். ஆண்டுக்கு ஆண்டு பார்களைப் பரிசோதித்து, முற்றிய சிப்பி இருந்தால்தான் குளிப்பு, இல்லாவிட்டால் காத்திருப்பு. தேதியில்லாத பட்டியலுக்கு அங்கே வேலையே இல்லை. 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த குளிப்பு 1961இல் நின்றது. அதற்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பு நடக்கவில்லை.

அந்தப் பார்களில் ஒன்றின் பெயர் வான்தீவு ஆறுபாகம் பார். தீவின் பெயரும் ஆழமும் சேர்ந்ததுதான் அதன் முகவரி.

அதனால் எனக்கு ஒரு யோசனை. நம் 21 தீவுகளுக்கும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே ஓத நிலையில் அளந்த பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். பரப்புக்குப் பக்கத்தில் அளந்த தேதி, நீர்மட்டம், சுற்றியுள்ள உயிர்ப்பவளம் எவ்வளவு என்ற நிரல்கள் வேண்டும். தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளில் அதை ஒட்டலாம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் அதிலிருந்தே படிக்கட்டும். விலாங்குசல்லியையும் பூவரசன்பட்டியையும் நீக்கக் கூடாது. அவற்றின் வரிசையில் ஹெக்டேருக்கு நேரே சுழியம் என்று எழுதி, அடுத்த நிரலில், பார்களுக்கு எழுதியதைப் போல, எத்தனை பாகம் என்று எழுத வேண்டும்.